மாத்திரையா, நடையா, பேச்சா? உடம்பெல்லாம் வலிக்கும் பிள்ளைக்கு எதில் தொடங்குவது

டாக்டர் தந்த சீட்டில் மூன்று வரிகள் இருந்தன. முதல் வரியில் ஒரு மாத்திரை, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு. இரண்டாவது வரியில் "தினமும் நடை, மெதுவாகக் கூட்டவும்". மூன்றாவது வரியில் ஒரு சைக்காலஜிஸ்ட்டின் பெயர். வீட்டுக்குத் திரும்பும் வழியில் மெடிக்கலில் வண்டியை நிறுத்தி முதல் வரியை வாங்கினோம். மற்ற இரண்டும் ஆறேழு மாதம் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் கிடந்தன.

மகளுக்கு அப்போது 13 வயது. ஒரு வருடமாகவே "மேலெல்லாம் வலிக்குதும்மா" என்றுதான் பொழுது விடிந்துகொண்டிருந்தது. இன்று கழுத்து, நாளை தொடை, அப்புறம் இடுப்பு. ஒன்பது மணி நேரம் தூங்கி எழுந்தாலும் ராத்திரி முழுக்கக் கண் விழித்தவள் மாதிரி இருப்பாள். எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர், தலைவலிக்காகக் கண் டாக்டர் என்று சுற்றிவிட்டு, தஞ்சாவூரிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னைக்குப் போனபோது, குழந்தைகளின் மூட்டு, தசை நோய்களைப் பார்க்கும் ருமட்டாலஜிஸ்ட் ஒருவர் அதற்கு ஜுவனைல் ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொன்னார். நடிக்கிறாள், பள்ளிக்கூடம் போகச் சோம்பல், கண்ணு பட்டிருக்கு என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்த வீட்டில் அந்தப் பெயர் எவ்வளவு நிம்மதி தந்தது தெரியுமா? பெயர் இருந்தால் மருந்தும் இருக்கும் என்று நினைத்துவிட்டோம். அங்கேதான் சறுக்கினோம்.

இந்த மூன்று வரிகளில் எதற்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது, எது எந்தப் பிள்ளைக்குப் பொருந்தும், எதற்கு நேரமும் பணமும் செலவழிப்பது என்று அன்றே ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். நான் மருத்துவர் இல்லை, பள்ளியில் கணக்கு டீச்சர். அதனால் இங்கே எண்கள் கொஞ்சம் அதிகமாகவே வரும்.

நோய் எது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1985-ல் அமெரிக்க மருத்துவர்கள் யூனுஸும் மேசியும் 33 இளம் நோயாளிகளை ஆராய்ந்து இதைத் தனியாக விவரித்தார்கள். உடம்பில் மூன்று இடங்களிலாவது, மூன்று மாதமாவது வலி, ரத்தப் பரிசோதனை சரியாக இருப்பது, தொட்டால் வலிக்கும் புள்ளிகள், கூடவே தூக்கக் கெடுதல், களைப்பு, தலைவலி, வயிற்றுக் கோளாறு என்று அவர்கள் போட்ட பட்டியல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கே அதிகம், பெரும்பாலும் பதின்பருவத்தில். தசையிலோ மூட்டிலோ பழுது இல்லை; வலியைக் கணக்கெடுக்கும் நரம்பு மண்டலம்தான் கூட்டிக் காட்டுகிறது. எனக்குப் புரிந்த உதாரணம் ஈபி மீட்டர். ஓடியது ஃபேன்தான், மீட்டர் ஏசி ஓடியதாகக் காட்டுகிறது. ஆனால் பில் நிஜம், கட்டித்தான் ஆக வேண்டும். பிள்ளையின் வலியும் அப்படித்தான், கொஞ்சமும் பொய்யில்லை.

மூட்டு வீக்கம், காலையில் வெகுநேரம் நீடிக்கும் விறைப்பு, காய்ச்சல், எடை குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் ஒரே இடத்து வலி, இவற்றில் ஏதாவது இருந்தால் இந்த ஒப்பீட்டை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி டாக்டரிடம் போக வேண்டும். குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம், தைராய்டு குறைபாடு, வைட்டமின் டி குறைவு போன்றவற்றை முதலில் விலக்கியாக வேண்டும். அதே சமயம், ஒருமுறை எல்லாம் நார்மல் என்று வந்த பிறகு எம்ஆர்ஐ, இன்னொரு எம்ஆர்ஐ என்று போவது பிள்ளைக்கு "எனக்குள்ளே இன்னும் என்னமோ இருக்கு" என்ற பயத்தைத்தான் வளர்க்கிறது. நாங்கள் இரண்டாவது எம்ஆர்ஐ வரை போனோம்.

சரி, ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும். நான் பிடித்துக்கொண்டிருந்த அளவுகோல் தப்பு. தினமும் காலையில் "வலி பத்துக்கு எத்தனைம்மா?" என்று கேட்டு காலண்டரில் எழுதுவேன். ஏழு, எட்டு, ஏழு, ஒன்பது. இந்தத் துறையில் ஆய்வு செய்பவர்கள் வேறொன்றையும் அளக்கிறார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது. 15 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. மாடிப்படி ஏற முடிகிறதா, நாள் முழுக்கப் பள்ளியில் இருக்க முடிகிறதா, வீட்டு வேலை செய்ய முடிகிறதா, தோழிகளோடு ஏதாவது செய்ய முடிகிறதா என்ற மாதிரிக் கேள்விகள். பிள்ளையின் நாள் எவ்வளவு பறிபோயிருக்கிறது என்பதை அது கணக்கெடுக்கிறது. வலி எண்ணை வைத்துப் பார்த்தால் ஒரு விடை வருகிறது, நாளை வைத்துப் பார்த்தால் வேறு விடை வருகிறது. நான் இரண்டாவதன் பக்கம். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதல் வரியிலிருந்து தொடங்குவோம்.

பெரியவர்களின் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ மூன்று மருந்துகளை அடுத்தடுத்து அனுமதித்தது: 2007-ல் பிரிகாபலின், 2008-ல் டுலாக்செட்டின், 2009-ல் மில்நாசிப்ரான். மூன்றையும் பிள்ளைகளிடமும் சோதித்தார்கள். பிரிகாபலினை 12 முதல் 17 வயதுள்ள 107 பேருக்கு 15 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரி வலி, மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிடத் தெளிவாகக் குறையவில்லை. மில்நாசிப்ரான் ஆய்வுக்குப் போதிய பிள்ளைகளே சேரவில்லை, பாதியில் நிறுத்திவிட்டார்கள். டுலாக்செட்டின் கதைதான் விசித்திரம். 13 முதல் 17 வயதுள்ள 184 பேர், 13 வாரம். எதை முதன்மை இலக்கு என்று அறிவித்துத் தொடங்கினார்களோ, அந்தச் சராசரி வலிக் குறைவு நிரூபணமாகவில்லை. ஆனால் வலி 30 சதவீதமாவது குறைந்தவர்கள், பாதியாவது குறைந்தவர்கள் என்று தலை எண்ணிப் பார்த்தால் மருந்து சாப்பிட்டவர்கள் பக்கம் அதிகம் பேர் இருந்தார்கள். 2020-ல் 13 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு அங்கே அனுமதியும் கிடைத்துவிட்டது.

ஒரு கணக்கு டீச்சராக இதை நான் இப்படிப் படிக்கிறேன்: எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கேட்கிற மருந்து அல்ல இது. சிலருக்கு நன்றாகக் கேட்கலாம், பலருக்குக் கேட்காமலே போகலாம். எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் என்று சாப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். அப்படிச் சாப்பிட்டுப் பார்ப்பது சும்மா இல்லை. குமட்டல், வாந்தி, பசியின்மை வரலாம். 24 வயது வரை உள்ளவர்களிடம் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற கட்டம் போட்ட எச்சரிக்கை டுலாக்செட்டின் போன்ற மனச்சோர்வு மருந்துகளுக்கு உண்டு, ஆகவே முதல் சில வாரங்கள் பிள்ளையின் மனநிலையைக் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். திடீரென நிறுத்தவும் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பிரிகாபலினில் தலைசுற்றல், தூக்கக் கலக்கம், எடை கூடுதல். எடை கூடுவதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 14 வயதுப் பெண் பிள்ளைக்கு அது மாத்திரையைத் திருட்டுத்தனமாகக் குப்பையில் போடப் போதுமான காரணம். எங்கள் வீட்டுக் குப்பைக் கூடையே சாட்சி.

நம் ஊரில் ராத்திரிக்குக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் எழுதித் தருவதும் உண்டு. தூக்கம் வரவைக்கும், வாய் உலரும், காலையில் மந்தமாக இருக்கும். பிள்ளைகளின் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு அதற்கென்று உறுதியான ஆய்வு கிடையாது. தூக்கம் அடியோடு கெட்டிருக்கும்போது கைத்தடியாகப் பயன்படுத்துகிறார்கள். புரூஃபன் வகைகளைப் பற்றி ஒரே வரிதான்: வீக்கமே இல்லாத நோயில் வீக்கம் குறைக்கும் மாத்திரைக்குப் பெரிய வேலை இல்லை. மாதவிடாய் வலிக்கோ தலைவலிக்கோ டாக்டர் சொன்ன அளவில் கொடுப்பது வேறு விஷயம்.

மாத்திரைக்கு ஒரே பெரிய சாதகம், அது சுலபம். வாங்கலாம், விழுங்கலாம், யாரும் யாரோடும் பேச வேண்டாம். நாங்கள் முதல் வரியை மட்டும் வாங்கியதற்குக் காரணமும் அதுவே என்று இப்போது தோன்றுகிறது.

மூன்றாவது வரிக்குத் தாவுகிறேன், இரண்டாவதைவிட அதற்கு எண்கள் தெளிவாக இருப்பதால். சைக்காலஜிஸ்ட் என்றதும் அப்பாயி, "புள்ளைக்குப் புத்தி சரியில்லன்னா சொல்றாங்க?" என்று கோபப்பட்டார். எனக்கும் உள்ளுக்குள் அதே கோபம்தான், வெளியே சொல்லவில்லை. வலியை "மனப்பிரமை" என்று சொல்லும் சிகிச்சை இல்லை இது. சிபிடி என்று சுருக்கமாகச் சொல்லும் இந்தப் பயிற்சியில் பிள்ளை சில திறமைகளைக் கற்றுக்கொள்கிறது: தசையைத் தளர்த்துவது, வலி கூடும்போது மனம் ஓடும் திசையைக் கவனித்துத் திருப்புவது, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் செய்வது. நல்ல நாளில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடக்கிற அந்தச் சுழல் இருக்கிறதே, அதை உடைப்பதுதான் பாதி வேலை.

சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த சுஸ்மிதா காஷிகர்-ஜக் தலைமையில் 2012-ல் வெளியான ஆய்வில் 11 முதல் 18 வயதுள்ள 114 பேர் இருந்தார்கள். பாதிப் பேருக்குச் சிபிடி, மீதிப் பேருக்கு நோயைப் பற்றிய விளக்கப் பாடம் மட்டும். வாரம் ஒன்றாக எட்டு அமர்வுகள், அப்புறம் நினைவூட்டலுக்கு இரண்டு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது சிபிடி கற்றவர்களின் அன்றாட இயலாமை 37 சதவீதம் குறைந்திருந்தது. பாடம் மட்டும் கேட்டவர்களுக்கு 12 சதவீதம். வலி? இரண்டு பக்கமும் கொஞ்சம்தான் குறைந்தது. மருத்துவ ரீதியாகப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இல்லை.

இந்த இடத்தில்தான் அளவுகோல் முக்கியமாகிறது. காலண்டரில் வலி எண் எழுதும் அம்மா இந்த ஆய்வைப் படித்தால், "எட்டு வாரம் போய்வந்தும் வலி குறையலையே, காசு தண்டம்" என்பாள். படிவத்தின் 15 கேள்விகளை வைத்துப் பார்க்கிறவள், பிள்ளை மாடிப்படி ஏறுகிறது, பள்ளிக்குப் போகிறது, பிறந்தநாள் விருந்துக்குப் போகிறது என்பதைப் பார்ப்பாள். வலி இருக்கும்போதே வாழ்க்கை திரும்பி வருகிறது. எங்கள் வீட்டிலும் வரிசை அதுதான். முதலில் பள்ளி திரும்பியது, அப்புறம் சிரிப்பு. வலி எண் அசையவே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, அதுவும் கொஞ்சம்தான்.

பாதகங்களும் இருக்கின்றன. வலிக்கான சிபிடி தெரிந்தவர்கள் குறைவு. பிள்ளைகளோடு பேசத் தெரிந்தவர்கள் அதிலும் குறைவு. தமிழில் சரளமாக நடத்துபவரைத் தேட எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. வாரா வாரம் சென்னைக்கு ரயில் ஏற முடியாது. முதல் இரண்டு அமர்வு நேரில், மீதி வீடியோவில் என்று பேசி முடித்தோம். முதலில் பார்த்த ஒருவர் வலி என்ற பேச்சையே எடுக்காமல் "படிப்பில் கவனம் வை" என்று 45 நிமிடம் அறிவுரை சொல்லி அனுப்பினார். அவருக்கும் சிபிடிக்கும் சம்பந்தமில்லை. வலி உள்ள பிள்ளைகளைப் பார்த்திருக்கிறீர்களா, எத்தனை அமர்வு, வீட்டில் என்ன பயிற்சி தருவீர்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மூன்றுக்கும் நேர் பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

கடைசியில் கிடைத்த சைக்காலஜிஸ்ட் எனக்குத் தந்த வீட்டுப்பாடம்தான் ரொம்பக் கஷ்டம். காலையில் வலியைப் பற்றிக் கேட்கக் கூடாது. முகத்தைப் பார்த்து "வலிக்குதா கண்ணு?" என்று கேட்கக் கூடாது. "இன்னைக்கு என்ன பீரியட் இருக்கு?" என்று கேட்கலாம். கல் மனசுக்காரி ஆகிவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் நான் கேட்கக் கேட்க அவள் கவனம் முழுக்க உடம்புக்குள்ளேயே திரும்பிக்கொண்டிருந்தது என்பது, கேட்பதை நிறுத்திய பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது வரி, நடை. செலவே இல்லாதது, அதனாலேயே யாரும் மதிக்காதது. டொராண்டோவில் 30 பிள்ளைகளை வைத்து 12 வாரம் ஒரு சின்ன ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்கு மூச்சு வாங்கும் ஏரோபிக் பயிற்சி, இன்னொரு குழுவுக்குச் சீனத்து ச்சிகாங் எனும் மென்மையான அசைவுகள். இரண்டு குழுவுக்கும் பலன் இருந்தது, ஏரோபிக் குழுவுக்குக் கூடுதலாக. யோகாவா நடையா என்று கேட்பவர்களுக்கு இதிலிருந்து ஓரளவு விடை எடுக்கலாம்: மென்மையானதில் தொடங்குவது தப்பில்லை, அங்கேயே நின்றுவிடக் கூடாது.

சிக்கல் என்னவென்றால் முதல் சில வாரங்களில் வலி கூடும். ஓய்வெடுத்து ஓய்வெடுத்துத் தளர்ந்த தசை அது. "நடக்கச் சொன்னீங்க, பாருங்க, காலே தூக்க முடியல" என்று பிள்ளை அழும். பாட்டி நம்மை முறைப்பார். பாதிக் குடும்பங்கள் இங்கேதான் விட்டுவிடும் என்று எங்கள் பிசியோ சொன்னார். அவர் தந்த அட்டவணை சிரிப்பு வரும் அளவுக்குச் சின்னதாக இருந்தது: ஐந்து நிமிடம், ஒரு வாரத்துக்கு. அடுத்த வாரம் ஏழு. நல்லா இருக்கு என்று ஏழு நிமிடத்தைப் பதினைந்தாக்கக் கூடாது, வலிக்கிறது என்று அதைச் சுழியாக்கவும் கூடாது. வலியைப் பார்த்து நிறுத்துவதில்லை, கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துவது. பெரிய கோயில் புல்வெளியில் ஐந்து நிமிட நடைக்காக ஆட்டோவில் போய் இறங்கிய அம்மா நானாகத்தான் இருப்பேன்.

பிசியோவிடம் போய் கரன்ட் வைப்பதும் ஒத்தடமும் மட்டும் வாங்கிக்கொண்டு வருவது இந்தக் கணக்கில் சேராது. படுத்திருக்கும் பிள்ளைக்கு இன்னொருவர் செய்வது அது. பிள்ளை தானே அசைய வேண்டும். எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பதை நான் நிறுத்தவில்லை. சுகமாக இருக்கிறது, கெடுதல் இல்லை. அதைச் சிகிச்சை என்று சொல்ல மாட்டேன். என்ன கலந்திருக்கிறது என்று சொல்லாத லேகியமும் பொடியும் மட்டும் வேண்டவே வேண்டாம், அதுவும் வேறு மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு.

பேச்சையும் அசைவையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? சின்சினாட்டி குழு அதையும் செய்தது. வாரம் இரண்டு முறை, எட்டு வாரம், சில பிள்ளைகள் ஒன்றாக. விளையாட்டு வீரர்களுக்குக் காயம் வராமலிருக்கச் சொல்லித்தரும் உட்கார்ந்தெழுதல், சமநிலைப் பயிற்சிகளையும் சிபிடியையும் பின்னிக் கொடுத்தார்கள். சிறிய முன்னோட்ட ஆய்வில், தனிச் சிபிடியைவிட இந்தக் கலவையில் வலியும் நன்றாகவே குறைந்தது. இதன் உச்சக்கட்ட வடிவம் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் டேவிட் ஷெரி நடத்திய திட்டம். வலி மருந்துகளை நிறுத்திவிட்டு, தினம் ஐந்தாறு மணி நேரம் உடற்பயிற்சியும் அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையும், கூடவே மனநல ஆலோசனை. 2015-ல் வெளியான கணக்கில் 64 பிள்ளைகளின் வலி நூற்றுக்கு 66-லிருந்து திட்டம் முடியும்போது 25-க்கு இறங்கியிருந்தது. எல்லா எண்களிலும் கண்ணைப் பறிப்பது இதுதான். ஒப்பிடத் தனிக் குழு இல்லாத ஆய்வு, விருப்பப்பட்டுச் சேர்ந்தவர்கள் என்பதை மனதில் வைத்துத்தான் இதைப் படிக்க வேண்டும். நம்மில் பலருக்கு அது எட்டாத தூரம். ஆனாலும் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன்: வலிக்கிற பிள்ளையை அசையவிட்டால் உடைந்துவிடாது.

நான்காவதாக ஒரு முடிவும் இருக்கிறது, சீட்டில் எழுதப்படாதது. பள்ளியை நிறுத்துவதா? எங்கள் வீட்டில் பெரிய சண்டை இதற்குத்தான். ஓய்வெடுக்கட்டும், பத்தாவதைப் பிரைவேட்டாக எழுதட்டும் என்றார் அவள் அப்பா. அமெரிக்காவில் இந்தப் பிள்ளைகள் சராசரியாக மாதம் மூன்று நாள் போல் பள்ளியைத் தவறவிடுகிறார்கள், எட்டில் ஒருவர் வீட்டிலிருந்தே படிக்கிறார் என்று ஒரு ஆய்வு சொல்கிறது. நிறுத்துவது முதல் வாரம் சொர்க்கம். அப்புறம் தூங்கும் நேரம் தள்ளிப்போகும், தோழிகள் விலகுவார்கள், திரும்பிப் போவது மலையாகும். நாங்கள் அரை நாளில் தொடங்கினோம். காலை இரண்டு பீரியட், இரண்டு வாரம். பிறகு மதிய உணவு வரை. டாக்டரிடம் கடிதம் வாங்கி, பிடி பீரியடில் விலக்கு கேட்காமல் "தன் வேகத்தில் செய்ய அனுமதி" என்று எழுதச் சொன்னோம். சிபிஎஸ்இ பள்ளி என்றால் 75 சதவீத வருகை வேண்டும், மருத்துவக் காரணத்துக்குச் சான்றுகளோடு தளர்வு கேட்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் ஃபைப்ரோமயால்ஜியா இல்லை, ஆகவே தேர்வில் கூடுதல் நேரம் தானாகக் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

என் கணக்குப்படி வரிசை இப்படி வருகிறது. காசும் நேரமும் ஒன்றுக்கே போதும் என்றால் நடையும் பள்ளியும், அதுவும் கடிகாரம் பார்த்து. இன்னொன்றுக்கு வழி இருந்தால் எட்டு அமர்வு சிபிடி. தூக்கமே இல்லாத, அல்லது மனச்சோர்வும் பதற்றமும் கூடியிருக்கிற பிள்ளை என்றால் இந்த வரிசை மாறும். அங்கே மனநல மருத்துவரும் மாத்திரையும் முன்னால் வரலாம், வர வேண்டும். பிள்ளை சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒருமுறை சொன்னாலும் காத்திருக்காதீர்கள்; அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-க்கு எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். மாத்திரை தொடங்குவதென்றால் எத்தனை வாரம் பார்ப்பது, எதை வைத்துப் பலன் இருக்கிறது என்று முடிவு செய்வது, எப்படி நிறுத்துவது, மூன்றையும் தொடங்கும் நாளிலேயே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் நீண்ட கணக்கு இது. இந்தப் பிள்ளைகளை ஆறு வருடம் போலத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், ஐந்தில் நான்கு பேருக்கு மேல் இன்னும் ஏதோ அறிகுறி இருந்தது. முழு நோய் வரையறைக்குள் இருந்தவர்கள் ஏறத்தாழ பாதி. மற்ற பாதி வெளியே வந்திருந்தார்கள் என்றும் அதைப் படிக்கலாம். நான் அப்படித்தான் படிக்கிறேன்.

மகளுக்கு இப்போது 16. மாத்திரையை டாக்டர் சொன்னபடி குறைத்துக் குறைத்துப் போன வருடம் நிறுத்திவிட்டோம். நடை 35 நிமிடத்தில் நிற்கிறது, அவளுக்கு அலுத்துவிட்டது. ஷட்டில் சேரப் போகிறாளாம். பிளஸ் ஒன் பரீட்சை முடியட்டும் என்கிறார் அப்பா. பிசியோவிடம் கேட்டேன், "வாரம் இரண்டு நாள், இருபது நிமிடம், அதற்கு மேல் ஒரு கேம் கூட வேண்டாம்" என்றார். ராக்கெட் வாங்கியாகிவிட்டது.